அளவெடுக்கும் கைகள் – 7: மூன்று என்றால் எவ்வளவு?

கோனியோமீட்டர் என்பது இரண்டு கைகள் பொருத்திய பாகைமானி. ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் வட்டம், அதன் விளிம்பில் டிகிரி எண்கள், நடுவில் ஒரு திருகாணி, அதிலிருந்து நீளும் இரண்டு பட்டைகள். ஒன்று அசையாத நிலைக்கை, மற்றது சுழல்கை. அமெரிக்காவில் பிசிகல் தெரபிஸ்ட் அசிஸ்டென்ட் ஆவதற்கான இரண்டாண்டுப் படிப்பில் மூட்டு அளவெடுப்பு முழுவதும் இந்த எளிய கருவியை நம்பித்தான் நடக்கிறது.

நாடித்துடிப்பு, மூச்சு, ரத்த அழுத்தம் எல்லாம் சென்ற வாரத்தோடு முடிந்தன. அளவெடுப்பது அசிஸ்டென்ட், அதற்குப் பொருள் கண்டு சிகிச்சைத் திட்டம் வகுப்பது தெரபிஸ்ட் என்ற எல்லைக்கோடு முதல் வாரத்துச் செய்தி. மறந்தவர்கள் பழைய இதழைப் புரட்டிக்கொள்ளலாம். இந்த வாரம் மூட்டும் தசையும். இடம் மிஞ்சினால் நடை.

முழங்கால் மடக்கத்தை எடுத்துக்கொள்ளலாம். நோயாளி மல்லாந்து படுத்திருக்கிறார். கருவியைத் தொடுவதற்கு முன் மாணவர் செய்ய வேண்டியவை நிறைய. கை கழுவ வேண்டும். பெயரையும் தான் மாணவர் என்பதையும் சொல்ல வேண்டும். நோயாளியின் பெயரையும் பிறந்த தேதியையும் கேட்டுச் சரிபார்க்க வேண்டும். என்ன செய்யப்போகிறோம் என்பதை விளங்கச் சொல்லி ஒப்புதல் வாங்க வேண்டும். அதற்குப் பிறகும் கருவிக்கு வேளை வரவில்லை. குதிகாலை மெத்தைமேல் நகர்த்தியபடி முழங்காலை ஒருமுறை முழுவதும் மடக்கி, அசைவு எங்கே நிற்கிறது, எப்படி நிற்கிறது என்று கையால் உணர வேண்டும். சதையோடு சதை அமுங்கி மெத்தென்று நிற்பது ஒரு வகை. தசைநார் இழுபட்டு இறுக்கமாக நிற்பது இன்னொரு வகை. எலும்பில் எலும்பு இடித்துச் சட்டென்று நிற்பது மூன்றாவது. மடங்காததற்குக் காரணம் வீக்கமா, தசை இறுக்கமா, எலும்பா என்பதற்கான முதல் துப்பு இங்கேதான் கிடைக்கிறது. 'எண்ட் ஃபீல்' என்று வகுப்பறைகளில் வழங்கும் இந்தப் பாகுபாட்டைப் பரப்பியவர் லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் சிரியாக்ஸ்.

அடுத்தது கண் மதிப்பீடு. கருவி கையில் இருக்கும்போது கண்ணால் எதற்கு மதிப்பிட வேண்டும் என்று புதிய மாணவர்கள் முணுமுணுப்பதுண்டு. கோனியோமீட்டரின் வட்டத்தில் எண்கள் இரண்டு வரிசையாக எதிரெதிர்த் திசையில் ஓடுகின்றன. ஒரு வரிசையில் 70 இருக்கும் இடத்தில் மற்ற வரிசையில் 110 இருக்கும். கால் செங்கோணத்துக்கு மேல் மடங்கியதா, அதற்குள்ளேயே நின்றுவிட்டதா என்று முன்கூட்டியே பார்த்து வைக்காதவர், 70 டிகிரி மடங்கிய முழங்காலுக்கு 110 என்று தயங்காமல் எழுதிவிடுவார். அறுவைசிகிச்சை முடிந்து சில நாளே ஆன முழங்காலுக்கு அந்த 40 டிகிரி சாதாரண வித்தியாசம் அல்ல.

பிறகு எலும்புகளைத் தேட வேண்டும். இடுப்போரத்தில் தொடை எலும்பின் மேல்முனையில் புடைத்திருக்கும் முண்டு, முழங்காலின் வெளிப்பக்கப் புடைப்பு, வெளிக் கணுக்கால் முண்டு: இந்த மூன்றையும் விரல் நுனியால் தடவிக் கண்டுபிடித்து, நடுப் புடைப்பின்மேல் திருகாணியை வைத்து, நிலைக்கையை இடுப்பு முண்டை நோக்கியும் சுழல்கையைக் கணுக்காலை நோக்கியும் நீட்டினால் கோணம் கிடைக்கும். ஆய்வகத்தில் மாணவர்கள் ஒருவர் காலில் ஒருவர் பேனாவால் புள்ளி வைத்துப் பழகுகிறார்கள். ஒல்லியான இருபது வயதுத் தோழரின் எலும்புகள் தேடுவதற்கு முன்பே கைக்கு அகப்பட்டுவிடும். கட்டுப்போட்ட, வீங்கிய, பருத்த காலில் அவை அவ்வளவு எளிதில் சிக்குவதில்லை. கருவியைத் தோலில் அழுத்தக் கூடாது. எண்ணைப் படிக்கும்போது கண் அந்த மட்டத்துக்குக் குனிய வேண்டும். நின்ற இடத்திலிருந்து சாய்வாகப் பார்த்தாலே அளவு சில டிகிரி நழுவிவிடும்.

படுக்கும் நிலையை மாற்றினால் அளவும் மாறும் என்பது தேர்வுகளில் ஓயாமல் கேட்கப்படும் பாடம். முன்தொடைத் தசைத் தொகுதியில் ஒன்று இடுப்பையும் முழங்காலையும் சேர்த்துக் கடக்கிறது. குப்புறப் படுக்க வைத்து முழங்காலை மடக்கினால் அந்தத் தசை இரு பக்கமும் இழுபட்டு மடக்கத்தைத் தடுத்துவிடும். அப்போது அளக்கப்படுவது மூட்டு அல்ல, தசையின் நீளம். அதனால்தான் மல்லாந்த நிலை. இதே காரணத்தால் இடுப்பு மடக்கத்தை முழங்கால் மடங்கியிருக்கும்போதும், கணுக்காலின் மேல்நோக்கிய அசைவைக் கெண்டைக்கால் தசை தளரும்படி முழங்காலைச் சற்று மடக்கியும் அளக்கிறார்கள். நோயாளி தன்னையறியாமல் செய்யும் சமாளிப்புகளையும் கவனிக்க வேண்டும். கையைத் தலைக்கு மேல் தூக்கச் சொன்னால் தோள் எட்டாத மிச்சத்தை முதுகை வளைத்து எட்டிவிடுவார். பக்கவாட்டில் தூக்கச் சொன்னால் உடம்பையே மறுபக்கம் சாய்ப்பார். செய்முறைத் தேர்வில் நோயாளியாக நடிக்கும் ஆசிரியர் இந்தத் தில்லுமுல்லுகளையெல்லாம் வேண்டுமென்றே செய்து காட்டுவார். பிடிபடாவிட்டால் மாணவருக்கு மதிப்பெண் போகும்.

எண்களுக்குப் பொது மொழி அமைந்ததும் மெல்ல மெல்லத்தான். நேராக நீட்டிய முழங்காலைச் சிலர் 180 என்றும் சிலர் 0 என்றும் குறித்த காலம் இருந்தது. அமெரிக்க எலும்பு மருத்துவர்களின் கழகம் 1965-ல் வெளியிட்ட மூட்டு அசைவுக் கையேடு, நேர்நிலையைப் பூஜ்யமாகக் கொள்ளும் முறையை நிலைப்படுத்தியது. அதன்படி முழங்கால் 0–135, முழங்கை 0–150, தோள் முன்பக்கமாக 0–180. ஒருவர் குறிப்பேட்டில் 10–95 என்று இருந்தால், முழங்காலை முழுவதும் நீட்ட 10 டிகிரி குறைகிறது, மடக்கம் 95-ல் நிற்கிறது என்று பொருள். சாதாரண நாற்காலியில் உட்கார்ந்து எழச் செங்கோணத்துக்குச் சற்றுக் கூடுதலான மடக்கம் தேவை என்பதால், 95 என்பது அன்றாட வாழ்க்கையின் வாசலில் நிற்கும் எண்.

அந்த முழங்கால் திங்களன்று 87, வெள்ளியன்று 91 காட்டினால் முன்னேற்றமா? நோயாளிக்குச் சொல்ல ஆசையாகத்தான் இருக்கும். 1978-ல் பூன், ஏஸன் முதலானோர் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் சோதித்தது. இருவேறு ஆட்கள் அளந்திருந்தால் மேலுறுப்பு மூட்டுகளில் 5 டிகிரிக்கும், கால் மூட்டுகளில் 6 டிகிரிக்கும் மேல் வித்தியாசம் இருந்தால்தான் உண்மையான மாற்றம் என்று கொள்ளலாம் என்பது அவர்கள் முடிவு. ஒரே ஆள் அளந்தால் தடுமாற்றம் குறைவு. அதனால், முடிந்தவரை ஒரே ஆள், ஒரே நிலை, ஒரே கருவி, சிகிச்சைக்கு முன்பா பின்பா என்பதிலும் ஒரே நேரம் என்று பழக்குகிறார்கள். 91-ஐ அப்படியே எழுதலாம். கொண்டாட்டத்தை மட்டும் அடுத்த வாரத்துக்குத் தள்ளிவைக்க வேண்டும்.

நாடா அளவைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. தொடை மெலிந்ததா, கால் வீங்கியதா என்றறிய முழங்கால் சில்லின் மேல்விளிம்பிலிருந்து குறிப்பிட்ட சென்டிமீட்டர் மேலே புள்ளி வைத்துச் சுற்றளவு எடுக்க வேண்டும். எத்தனை சென்டிமீட்டர் மேலே என்பதை எழுதிவைக்காவிட்டால் அடுத்த வாரம் எடுக்கும் அளவுக்கு மதிப்பில்லை. கால் நீள வித்தியாசத்துக்கு இடுப்பெலும்பின் முன்முனையிலிருந்து உட்கணுக்கால் வரை. கணுக்கால் வீக்கத்துக்கு நாடாவை எட்டு வடிவில் சுற்ற வேண்டும். அவ்வளவுதான்.

தசை வலுவுக்கு வருவோம். இங்கே கருவியே கிடையாது. அளப்பது மாணவரின் கை. நோயாளி தசையை இறுக்கிப் பிடிக்கிறார், அளப்பவர் எதிர்த்திசையில் மெல்ல அழுத்தத்தைக் கூட்டுகிறார், கிடைப்பது 0-விலிருந்து 5 வரை ஒரு கிரேடு. எந்த அசைவும் இல்லை, தசையில் துடிப்பும் இல்லை என்றால் 0. விரலுக்குத் துடிப்பு மட்டும் தட்டுப்பட்டால் 1. புவியீர்ப்பைத் தவிர்த்த நிலையில் முழு அசைவு 2. புவியீர்ப்பை எதிர்த்து முழு அசைவு, ஆனால் மேற்கொண்டு எந்த எதிர்ப்பையும் தாங்காது என்றால் 3. ஓரளவு எதிர்ப்பைத் தாங்கினால் 4, முழு எதிர்ப்பையும் தாங்கினால் 5.

இந்த அளவுகோலின் வேர் பாஸ்டனில் இருக்கிறது. எலும்பு மருத்துவர் ராபர்ட் லவெட்டின் உதவியாளராக இருந்த வில்ஹெல்மின் ரைட், இளம்பிள்ளை வாதம் தாக்கிய குழந்தைகளின் தசைகளைப் புவியீர்ப்பையும் கை எதிர்ப்பையும் கொண்டு தரம் பிரிக்கும் முறையை 1912-ல் எழுதி வெளியிட்டார். எந்தத் தசை முற்றிலும் போனது, எதில் உயிர் மிச்சமிருக்கிறது என்று தெரியாமல் பயிற்சி கொடுக்க முடியாத நிலை. 1914-ல் வெர்மான்ட் மாநிலத்தில் நோய் பரவியபோது லவெட் அங்கே முகாம் நடத்தினார். உடலியல் அறிஞர் மார்ட்டினோடு சேர்ந்து சுருள்வில் தராசால் தசை இழுவையை அளக்கும் முறையையும் வகுத்து, 1916-ல் வெளியிட்டார். தராசு துல்லியமானது, ஆனால் வேலை அதிகம். நிலைத்தது கைதான். நார்மல், குட், ஃபேர், புவர், டிரேஸ் என்ற லவெட் காலத்துச் சொற்கள் இன்றும் பல குறிப்பேடுகளில் எண்களுக்குப் பக்கத்தில் முதலெழுத்தாக நிற்கின்றன. 0–5 எண்கள் பரவலானது இரண்டாம் உலகப் போரின்போது, நரம்புக் காயம்பட்ட வீரர்களுக்காகப் பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 1943-ல் வெளியிட்ட கையேட்டின் வழியாக.

இதே லவெட்தான் 1921 ஆகஸ்டில் கம்போபெல்லோ தீவுக்குப் போய், 39 வயது ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டுக்கு வந்திருப்பது இளம்பிள்ளை வாதம் என்று சொன்னவர். அதற்கு முன் பார்த்த புகழ்பெற்ற முதிய அறுவை மருத்துவர் முதுகுத்தண்டில் ரத்தக்கட்டி என்று கருதி நன்றாகத் தேய்த்துவிடச் சொல்லியிருந்தார். 600 டாலர் பில்லும் அனுப்பினார். லவெட் வந்ததும் தேய்ப்பதை நிறுத்தச் சொன்னார்.

இனி இந்த வாரத்தின் உண்மையான விஷயம். 5-க்கு 3 வாங்கிய தசையில் எத்தனை சதவீத வலு இருக்கிறது? நோயாளியின் குடும்பத்தாரைக் கேட்டால் அறுபது என்பார்கள். முதல் பருவ மாணவர்களிலும் பாதிப்பேர் உள்ளுக்குள் அப்படித்தான் நினைப்பார்கள். முன்தொடைத் தசைக்குக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நோயாளி மேசை விளிம்பில் கால் தொங்க உட்கார்ந்து முழங்காலை நேராக நீட்டுகிறார். முழங்காலுக்குக் கீழுள்ள காலும் பாதமும் சேர்ந்து உடல் எடையில் ஏறத்தாழ 6 சதவீதம். 70 கிலோ ஆளுக்கு நாலு கிலோவும் கொஞ்சமும். அந்த எடையின் மையம் முழங்காலிலிருந்து 25 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது என்று கொண்டால், காலைக் கிடைமட்டமாகத் தாங்கத் தேவைப்படும் முறுக்குவிசை சுமார் 10 நியூட்டன் மீட்டர். ஆரோக்கியமான இளைஞரின் முன்தொடைத் தசை சாதகமான கோணத்தில் 150-ஐச் சாதாரணமாகத் தாண்டும். முழங்கால் முழுவதும் நீளும் கடைசி டிகிரிகளில் அதன் வலு குறையும் என்பதைக் கழித்துக்கொண்டாலும், 3 என்ற கிரேடு முழு வலுவுக்குக் கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்குதான்.

காகிதக் கணக்கு என்று ஒதுக்கவும் முடியாது. வில்லிஸ் பீஸ்லி 1950-களில் இளம்பிள்ளை வாதம் வந்து போன குழந்தைகளின் முழங்கால் நீட்டு வலுவைக் கருவி வைத்து அளந்தார். கையால் சோதித்து 'ஃபேர்', அதாவது 3, என்று தரப்பட்ட தசைகளில் இயல்பான வலுவில் சுமார் 9 சதவீதமே இருந்தது. 'குட்', அதாவது 4, பெற்றவை சுமார் 43 சதவீதம். காலை முழுக்க நீட்டிக் காட்டும் ஒருவர் நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழ முடியாமல் தவிப்பது ஏன் என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் தேவையில்லை. உட்கார்ந்து காலை நீட்டும்போது தூக்க வேண்டியது நாலு கிலோ. எழும்போது உடம்பின் பெரும்பகுதி.

இன்னும் வேடிக்கை, அதே 3 வேறு தசையில் வேறு அளவு. ஒருக்களித்துப் படுத்து மேலிருக்கும் காலைப் பக்கவாட்டில் தூக்குவது இடுப்பின் வெளிப்பக்கத் தசைக்கான சோதனை. இங்கே தூக்கப்படுவது முழுக் கால். உடல் எடையில் 16 சதவீதம், 70 கிலோ ஆளுக்கு 11 கிலோ, எடையின் மையமும் மூட்டிலிருந்து வெகு தூரத்தில். தேவைப்படும் முறுக்குவிசை சுமார் 40 நியூட்டன் மீட்டர். அந்தத் தசையின் முழுத் திறனில் கணிசமான பங்கு. ஆகவே இடுப்பில் 3 வாங்குவது முழங்காலில் 3 வாங்குவதைவிடக் கடினம். விரல்களுக்குப் போனால் நிலைமை தலைகீழ். விரலின் எடை ஒரு பொருட்டே இல்லாததால் அங்கே புவியீர்ப்பைக் கணக்கிலேயே எடுப்பதில்லை. எதிர்ப்பில்லாமல் முழுவதும் அசைந்தால் 3. வில்ஹெல்மின் ரைட் தேர்ந்தெடுத்த எடைக்கல் உலகில் எங்கும் செலவில்லாமல் கிடைக்கும். ஆனால் உடம்பின் ஒவ்வொரு பகுதியிலும் அதன் கனம் வேறு.

இதிலிருந்து மாணவருக்குப் பிறக்கும் நடைமுறை அறிவு, 4 என்ற கிரேடை நம்பாதிருப்பது. முன்தொடைத் தசையில் முழு வலுவின் பத்தில் ஒரு பங்கைத் தாண்டியதும் தொடங்கி, கிட்டத்தட்ட முழு வலு வரை எல்லாமே 4-க்குள் அடங்கிவிடுகின்றன. 4-, 4+ என்று பிரித்தாலும் 'லேசான எதிர்ப்பு', 'பலமான எதிர்ப்பு' என்பவை அளப்பவரின் உடம்பைப் பொறுத்தவை. ஐம்பது கிலோ எடையுள்ள மாணவி, ஓய்வுபெற்ற கட்டுமானத் தொழிலாளியின் தொடையை எதிர்த்து அழுத்தினால், அது பாதி வலுவை இழந்திருந்தாலும் அவருக்கு அசையாது; 5 என்று எழுதிவிடுவார். மறுகாலையும் அதே கையால் சோதித்து ஒப்பிடுவது ஒரு வழி. உள்ளங்கையில் அடங்கும் டைனமோமீட்டரை இடையில் வைத்து விசையை எண்ணாகப் படிப்பது இன்னொரு வழி. லவெட்டின் சுருள்வில் தராசு மின்னணு வடிவில் திரும்பி வந்திருக்கிறது என்றே சொல்லலாம்.

கெண்டைக்காலிடம் எல்லாக் கைகளும் தோற்கும். பாதத்தைக் கீழ்நோக்கி அழுத்தும் அந்தத் தசையைக் கையால் எதிர்த்து வெல்ல யாராலும் முடியாது என்பதால், ஒற்றைக் காலில் நிற்கச் சொல்லிக் குதிகாலை எத்தனை முறை முழுவதும் உயர்த்த முடிகிறது என்று எண்ணுகிறார்கள். 1995-ல் லன்ஸ்ஃபர்டும் ஜாக்குலின் பெர்ரியும் வெளியிட்ட ஆய்வுக்குப் பிறகு 5-க்கு 25 முறை என்பது பாடநூல்களில் இடம்பிடித்தது. வாசகர்கள் சுவரை ஒரு விரலால் தொட்டுக்கொண்டு முயன்று பார்க்கலாம். நோயில்லாதவர்களிலும், வயது கூடக்கூட, 25-ஐ எட்டாதவர்களே அதிகம்.

தசைச் சோதனையிலும் சமாளிப்புகள் உண்டு. இடுப்பை மடக்கும் தசை சோர்ந்தவர் தொடையை நேராகத் தூக்காமல் வெளிப்பக்கம் திருப்பித் தூக்குவார்; அங்கே வேலை செய்வது தொடையைக் குறுக்காகக் கடக்கும் வேறொரு தசை. தூக்கிவிட்டாரே என்று கிரேடு போட்டால், போடப்பட்டது வேறு தசைக்கு. அதனால் ஒரு கை எதிர்ப்புக் கொடுக்கும்போதே மறு கையின் விரல் சோதிக்கப்படும் தசையின்மேல் இருக்க வேண்டும். வலியும் கிரேடைக் குலைக்கும். வலிக்குப் பயந்து விட்டுக்கொடுத்த தசையும் வலுவில்லாமல் விட்டுக்கொடுத்த தசையும் ஒரே எண்ணைத் தரும் என்பதால், எண்ணுக்குப் பக்கத்தில் 'வலியால் நிறுத்தம்' என்று எழுதுவது விதி. வழக்கமான நிலையில் படுக்க வைக்க முடியாமல் வேறு நிலையில் சோதித்திருந்தால் அதையும் குறிக்க வேண்டும். ஒட்டாத எலும்பு முறிவு, புதிதாகத் தைத்த தசைநார் போன்றவை இருந்தால் தெரபிஸ்ட் சொல்லாமல் எதிர்ப்புக் கொடுக்கவே கூடாது.

சில எண்களுக்குக் குறிப்பேட்டில் எழுதுவது மட்டும் போதாது. போன வாரம் பாதத்தை மேல்நோக்கித் தூக்குவதில் 4 வாங்கியவர் இன்று 2-க்கு இறங்கியிருந்தால், அது நரம்பு அழுத்தப்படுவதன் அறிகுறியாக இருக்கலாம். அசிஸ்டென்ட் அன்றைய பயிற்சியைத் தொடங்காமல், உடனே தெரபிஸ்ட்டை அழைக்க வேண்டும். அளவு 2 என்பதை அறிவது அவர் வேலை. அது ஏன் 2 ஆனது என்று நோயாளியிடம் விளக்குவது அவர் வேலை அல்ல. முதல் வாரத்து எல்லைக்கோடு நடைமுறையில் கடுமையாகச் சோதிக்கப்படும் இடம் இதுதான், ஏனென்றால் நோயாளி கேட்பது எதிரே நிற்பவரைத்தான்.

நடைக்கு இடம் மிஞ்சவில்லை. நடை வேகம், நாற்காலியிலிருந்து எழுந்து மூன்று மீட்டர் நடந்து திரும்பி உட்காரும் சோதனை, இரண்டும் அடுத்த வாரம். ஜாக்குலின் பெர்ரி அங்கேயும் வருவார்.